வெனெட்டோக்ளாக்ஸ்: சாக மறுக்கிற செல்லுக்கு ஒரு மாத்திரை

மருந்துக்கெல்லாம் விமர்சனம் எழுதுவார்களா என்று கேட்காதீர்கள். மிக்சிக்கும் மெத்தைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், வீட்டில் ஒருவர் தினமும் விழுங்குகிற, வீட்டுச் செலவிலேயே பெரிய செலவான ஒரு பொருளைப் பற்றி எழுதினால் என்ன. வெனெட்டோக்ளாக்ஸ் என்பது பெயர். சி.எல்.எல். என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்கிற, மெதுவாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காக என் மாமாவுக்கு (அம்மாவின் அண்ணன், எங்களோடுதான் இருக்கிறார்) எழுதிக்கொடுத்தார்கள். முன்பு பெண்டாமுஸ்டின் என்ற கீமோ எடுத்துச் சில வருடம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் வெள்ளணு மறுபடி ஏற ஆரம்பித்தது, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியது, இதற்கு மாற்றினார்கள். மாத்திரை டப்பாவுக்கு நான்தான் பொறுப்பு. நான் டாக்டர் இல்லை, ஆனால் டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து தோண்டிப் படிக்கிற பழக்கம் உண்டு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5க்கு 4. சரியான நோய்க்குச் சரியான ஆளுக்குக் கொடுத்தால் பிரமாதமான மருந்து. 'கேன்சருக்கு மாத்திரை கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிறதே, அந்த அர்த்தத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு செல் எப்படிச் சாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் உடம்பில் ஒவ்வொரு நாளும் 5,000 கோடிக்கும் மேலான செல்கள் செத்துப்போவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நமக்கு வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. சூடு பட்டோ அடிபட்டோ சாகிற செல் உப்பி வெடிக்கும், உள்ளே இருப்பது வெளியே கொட்டி அக்கம்பக்கம் எல்லாம் வீங்கும். இந்த அன்றாடச் சாவு அப்படி நடப்பதில்லை. செல் சுருங்குகிறது, தன் டி.என்.ஏ.வைத் தானே துண்டு போடுகிறது, சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிகிறது, பக்கத்தில் இருக்கும் பெருவிழுங்கி செல்கள் வந்து தின்றுவிட்டுப் போகின்றன. சாகப்போகிற செல் தன் சவ்வின் உட்புறத்தில் மட்டும் இருக்க வேண்டிய பாஸ்ஃபாட்டிடைல் செரின் என்ற கொழுப்பை வெளிப்புறம் திருப்பிக் காட்டும், அதுதான் 'என்னைத் தின்னலாம்' என்ற அடையாளம். வயிற்றில் வளரும் குழந்தைக்கு விரல்களுக்கு நடுவே இருக்கிற சவ்வு மறைவதும் தலைப்பிரட்டையின் வால் காணாமல் போவதும் இந்த வழியில்தான்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன்காரரான ஜான் கெர் 1960களில் எலியின் கல்லீரலில் இப்படிச் சுருங்கிச் சாகும் செல்களைக் கவனித்தார். பிறகு ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ வைல்லி, அலஸ்டர் கர்ரி இருவரோடும் சேர்ந்து 1972இல் இதற்கு அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். நிறைய வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆட்கள் திரும்பிப் பார்த்ததற்கு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுதான் காரணம். சி. எலிகன்ஸ் என்ற அந்தப் புழு வளரும்போது உடல் செல்கள் மொத்தம் 1,090 உருவாகின்றன, அதில் 131 செத்துப்போகின்றன, எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131. அப்படியானால் இது தற்செயல் இல்லை, எழுதி வைத்த திட்டம். அந்தத் திட்டத்தின் மரபணுக்களைத் தேடிப் பிடித்ததில் ராபர்ட் ஹார்விட்ஸுக்கும், புழுவை ஆய்வுக்குக் கொண்டுவந்து அதன் செல் வம்சாவளியை வரைந்த சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் ஆகியோருக்கும் 2002இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மனிதச் செல்லில் ஆட்கள் கொஞ்சம் அதிகம், கதை அதேதான். செல்லுக்குள் பெரிய கோளாறு, உதாரணமாக டி.என்.ஏ. உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பி53 என்ற புரதம் விழித்துக்கொண்டு, பூமா, நாக்ஸா என்ற சாவுத் தூதர்களை உற்பத்தி செய்யச் சொல்கிறது. (பெயர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், விஞ்ஞானிகள் உண்மையிலேயே இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள்.) பிம் என்று இன்னொரு தூதரும் உண்டு, நம் கதைக்கு அவர்தான் முக்கியம். இவர்கள் போய் பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்களைக் கிளப்பிவிட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச் சவ்வில் ஓட்டை போடும். உள்ளே இருக்கும் சைட்டோகுரோம் சி வெளியே கசியும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும்வரை அது சக்தி தயாரிக்கிற வேலையில் இருக்கும் சாதுவான புரதம், வெளியே வந்துவிட்டால் மரண ஓலை. ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து ஏழு இதழ்ச் சக்கரம் ஒன்றைக் கட்டும். அந்தச் சக்கரத்தின் மேல் காஸ்பேஸ்-9 என்ற, புரதங்களை வெட்டும் என்சைம் விழித்துக்கொண்டு காஸ்பேஸ்-3ஐ எழுப்பும், அது செல்லுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்களை நறுக்கித் தள்ளும். காஸ்பேஸ்-3 எழுந்த பிறகு பெரும்பாலும் திரும்பி வர வழியில்லை.

இவ்வளவு பயங்கரமான ஏற்பாட்டைப் பூட்டாமல் வைத்திருக்க முடியாது அல்லவா. பூட்டு பி.சி.எல்.-2 என்ற புரதம், அதன் குடும்பத்தில் பி.சி.எல்.-எக்ஸ்.எல்., எம்.சி.எல்.-1 என்று சகோதரர்களும் உண்டு. இவற்றின் உடம்பில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கிறது. பிம் போன்ற தூதர்கள் வந்தால் அந்தப் பள்ளத்தில் பிடித்து அமுக்கி வைத்துக்கொள்ளும். தூதர் சிக்கிக்கொண்டால் ஓட்டையும் இல்லை, சாவும் இல்லை.

பி.சி.எல்.-2 முதலில் கண்ணில் பட்டது ஒரு வகை லிம்போமாவில் (நிணநீர்ப் புற்றுநோய்), குரோமோசோம் 14உம் 18உம் துண்டு மாற்றிக்கொண்ட இடத்தில். கேன்சர் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருக வைக்கும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். மெல்போர்னில் வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் 1988இல் காட்டியது வேறு: இந்த மரபணு செல்லைப் பெருக வைக்கவில்லை, சாகாமல் வைத்திருக்கிறது. எனக்கு இந்த மருந்துக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மாமாவின் நோயும் அதே ரகம். சி.எல்.எல். நோயாளியின் ரத்தத்தில் சுற்றுகிற கெட்ட லிம்போசைட்டுகளில் (வெள்ளணுவில் ஒரு வகை) பெரும்பாலானவை மும்முரமாகப் பெருகிக்கொண்டிருப்பவை இல்லை. போக வேண்டிய நேரத்தில் போகாமல் உட்கார்ந்திருப்பவை. உட்கார்ந்து உட்கார்ந்தே லட்சம் கோடிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பழைய கீமோக்களில் பல, டி.என்.ஏ.வை உடைத்துவிட்டு, பி53 கவனித்துச் செல்லைச் சாகச் சொல்லும் என்று நம்பி இருப்பவை. அந்த பி53யே போய்விட்டால்? 17ஆம் குரோமோசோமின் ஒரு கையில் இருக்கிற அந்தத் துண்டு சிலருக்குக் காணாமல் போயிருக்கும், ரிப்போர்ட்டில் '17பி டெலீஷன்' என்று வரும். டி.என்.ஏ. உடைந்தாலும் ஓலை அனுப்ப ஆள் இல்லை, கீமோ சரியாகப் பிடிக்காது. வெனெட்டோக்ளாக்ஸ் இந்த இடத்தைத் தாண்டிப் போய் வேலை செய்கிறது. பி.சி.எல்.-2இன் அந்தப் பள்ளத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது, சிக்கியிருந்த பிம் விடுபடுகிறது, மற்றதெல்லாம் தன்னால் நடக்கிறது. சி.எல்.எல். செல்களில் பி.சி.எல்.-2 ஏராளம், அதன் பிடியில் பிம்மும் ஏராளம், அதாவது ஏற்கனவே விளிம்பில் நிற்கும் செல்கள். அதனால்தான் ஒரு மாத்திரை இவ்வளவு செய்கிறது. மருந்து கொல்வதில்லை, செல் தனக்குத்தானே எழுதி வைத்திருந்த சாவுக்கு இருந்த தடையை எடுக்கிறது. 2016 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதன்முதலில் அனுமதி கொடுத்ததும் இந்த 17பி டெலீஷன் இருந்து, முன்பு வேறு சிகிச்சை எடுத்த சி.எல்.எல். நோயாளிகளுக்குத்தான்.

வாக்ஸ் குழு கண்டுபிடித்ததிலிருந்து மாத்திரை கடைக்கு வர 28 வருடம். ஏன் இவ்வளவு என்றால், இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு சின்ன மூலக்கூறைச் செருகுவது மகா கஷ்டம், முடியாது என்றே பலரும் விட்டுவிட்டார்கள். சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்த அபாட் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஃபெசிக் குழு, சின்னச் சின்ன மூலக்கூறுத் துண்டுகள் பள்ளத்தில் எங்கெங்கே ஒட்டுகின்றன என்று மூலக்கூறின் அமைப்பைக் காந்தப் புலத்தால் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் பார்த்து, ஒட்டிய துண்டுகளை இணைத்துப் பெரிதாக்கியது. 2005இல் ஏ.பி.டி.-737 வந்தது, ஊசியாகத்தான் கொடுக்க முடியும். அடுத்தது வாயால் சாப்பிடக்கூடிய நேவிட்டோக்ளாக்ஸ். அது வேலை செய்தது, ஆனால் பிளேட்லெட் சரசரவென்று இறங்கியது. பிளேட்லெட் உயிரோடு இருப்பதே பி.சி.எல்.-எக்ஸ்.எல். தயவில்தான், நேவிட்டோக்ளாக்ஸ் அதையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. ஆக, பி.சி.எல்.-2ஐ மட்டும் பிடித்து எக்ஸ்.எல்.ஐ விட்டுவிடும் மருந்து வேண்டும். இரண்டு பள்ளங்களும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரு இடத்தில் பி.சி.எல்.-2இல் ஆஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, எக்ஸ்.எல்.இல் அதே இடத்தில் குளுட்டமேட், ஒரே ஒரு கார்பன் கூடுதல். அந்த நூலிழை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஏ.பி.டி.-199ஐச் செய்தார்கள், 2013இல் கட்டுரை வந்தது. அதுதான் பின்னால் வெனெட்டோக்ளாக்ஸ். அபாட்டிலிருந்து பிரிந்த அப்வியும், ரோஷ் குழுமத்தின் ஜெனென்டெக்கும், மேலே சொன்ன மெல்போர்ன் நிறுவனமும் சேர்ந்த வேலை.

சரி, இனி பொருளுக்கு வருவோம்.

சி.எல்.எல்.லுக்கு முழு டோஸ் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம். எடுத்த எடுப்பில் அதைக் கொடுப்பதில்லை. முதல் வாரம் 20, இரண்டாம் வாரம் 50, மூன்றாம் வாரம் 100, நான்காம் வாரம் 200, ஐந்தாம் வாரம்தான் 400. 10 மி.கி. மாத்திரை வெளிர் மஞ்சளில் குட்டியாக வட்டமாக இருக்கும், 50 மி.கி. நீள்வட்டமாகப் பழுப்பு கலந்த நிறம், 100 மி.கி. நீள்வட்டத்தில் மறுபடி வெளிர் மஞ்சள். ஒரு பக்கம் 'வி' எழுத்து, இன்னொரு பக்கம் மி.கி. எண். கண்ணாடி போட்டுக்கொண்டால் மாமாவே பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் 10உம் 100உம் ஒரே நிறத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அளவும் வடிவமும் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன், இருந்தாலும் வயதானவர்கள் எடுக்கும் மருந்தில், அதுவும் டோஸ் கூடிப்போனால் ஆபத்து என்கிற மருந்தில், நிறத்தையும் மாற்றி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

டோஸை ஏன் இப்படிப் படிப்படியாக ஏற்றுகிறார்கள் என்பதுதான் இந்த மருந்தின் பலமும் ஆபத்தும் சந்திக்கிற இடம். செல் சாவு சுத்தமான வேலை என்று மேலே சொன்னேன். ஒன்றிரண்டாகச் செத்தால் சுத்தம். லட்சம் கோடிக் கணக்கில் காத்திருந்த செல்கள் ஒரே நாளில் கிளம்பினால் அள்ளுவதற்கு ஆள் போதாது. கல்யாண மண்டபத்தில் எல்லாப் பந்தி இலையையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சாக்கடை என்ன ஆகும், அந்தக் கதிதான் சிறுநீரகத்துக்கு. செல்களுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் ரத்தத்துக்கு வரும், டி.என்.ஏ. சிதைந்து யூரிக் அமிலமாகும், கால்சியம் இறங்கும், கிரியேட்டினின் ஏறும். பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும். டியூமர் லைசிஸ் என்கிறார்கள். இது பயமுறுத்தல் இல்லை. 2011இல் மெல்போர்னில் தொடங்கி ஆண்ட்ரூ ராபர்ட்ஸ், ஜான் சீமோர் போன்றோர் நடத்திய முதல் மனிதச் சோதனையில், டோஸைக் கூட்டிப் பார்த்த கட்டத்தில் இருந்த 56 பேரில் 3 பேருக்கு இது வந்தது, ஒருவர் இறந்தார். அதன் பிறகு டோஸ் ஏற்றுகிற முறையை மாற்றி அடுத்த 60 பேருக்குக் கொடுத்தபோது நோயாளியைப் பாதிக்கிற அளவில் ஒருவருக்கும் வரவில்லை. அதே ஆய்வில் மொத்தம் இருந்த 116 பேரில் 79 சதவீதம் பேருக்கு நோய் இறங்கியது, 20 சதவீதம் பேருக்கு முழுதாக. ஏற்கனவே பல மருந்துகள் பார்த்துக் களைத்தவர்கள் இவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மருந்து மாறவில்லை, ஏணியைச் சரியாகப் போட்டதுதான் முக்கியமான வித்தியாசம்.

ஆகவே ஆரம்பிக்கும் முன்பே வேலை இருக்கிறது. ஸ்கேன் எடுத்து, நெறி கட்டிய நிணநீர்க் கணுக்களின் அளவைப் பார்ப்பார்கள். எல்லாக் கணுவும் 5 செ.மீ.க்குக் கீழே, லிம்போசைட் 25,000க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, கணு 10 செ.மீ.யைத் தொட்டால் ஆபத்து அதிகம், மற்றபடி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால், கூடவே தண்ணீர், ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். முதல் டோஸுக்கு மாமாவை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். காலை டிபனுக்குப் பின் இரண்டு குட்டி மாத்திரை. மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தனூண்டுக்கா ரெண்டு நாளா என்னைத் தண்ணியில முக்கி எடுக்கிறீங்க?" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ், "ஐயா, இத்தனூண்டா கொடுக்கிறதே உங்க நல்லதுக்குத்தான்" என்று சிரித்தார். ஆறேழு மணி நேரம் கழித்து ஒரு ரத்தம், மறுநாள் ஒரு ரத்தம். பாஸ்பேட் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான்.

நான் நம்பாமல் பார்த்தது 50 மி.கி. வாரத்தில் நடந்தது. தாடைக்குக் கீழே இருந்த பெரிய கட்டியால் மாமா ரொம்ப நாளாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதே இல்லை. சவரம் செய்யும்போது அந்த இடத்தில் பிளேடு திரும்பாது என்று என்னையோ கடைக்காரரையோதான் கூப்பிடுவார். அந்த வாரம் தானே சவரம் செய்துகொண்டு வந்து, "தொட்டுப் பாரு" என்று கழுத்தை நீட்டினார். எலுமிச்சை அளவில் இருந்தது விரலுக்கு உருள்கிற சின்ன உருண்டையாகி இருந்தது. கீமோ சமயத்தில் இதே இறக்கத்துக்கு மாதங்கள் ஆனது, முடி கொட்டி, வாய் வெந்து, அது வேறு அனுபவம்.

ஐந்து வாரம் ஏற்றி முடித்து 400க்கு வந்த பிறகு ரிட்டுக்சிமாப் ஊசியும் சேர்த்தார்கள், மாதம் ஒன்று. அந்த ஆறு ஊசியும் முடிந்து இப்போது மாத்திரை மட்டும் ஓடுகிறது. இந்த ஜோடிக்கு அடிப்படை 'முரானோ' என்ற ஆய்வு, 2018இல் வந்தது, நோய் திரும்பிய 389 பேர். வெனெட்டோக்ளாக்ஸும் ரிட்டுக்சிமாபும் எடுத்தவர்களில் இரண்டு வருட முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 84.9 சதவீதம், பெண்டாமுஸ்டினும் ரிட்டுக்சிமாபும் எடுத்தவர்களில் 36.3 சதவீதம். இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்ப ஆறுதலான விஷயம் இரண்டு வருடத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது. முதல் சிகிச்சையாகவே ஒபினுடுசுமாப் என்ற ஊசியோடு சேர்த்துக் கொடுப்பதென்றால் ஒரே வருடம். சி.எல்.எல்.லுக்கே இருக்கும் வேறு சில மாத்திரைகளை நோய் முற்றும் வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பாக்கெட்டைப் பார்த்தாலும் மனதைப் பார்த்தாலும் முடிவுத் தேதி இருப்பது பெரிய விஷயம்.

குறைகளுக்கு வருகிறேன். வயிற்றுப்போக்கு உண்டு, குமட்டல் உண்டு, மாமாவுக்கு முதல் மாதங்களில் இரண்டும் இருந்தன. நியூட்ரோஃபில் என்ற நல்ல வெள்ளணு இறங்குவது இதன் முக்கியமான தொல்லை. ஒரு தடவை நன்றாக இறங்கி, மாத்திரையை நிறுத்தி வைத்து, அணுவை ஏற்றும் ஊசி போட்டு, அப்புறம் தொடர்ந்தார்கள். காய்ச்சல் அடித்தால் பாரசிட்டமால் போட்டுப் படுத்துவிடாமல் நேராக ஆஸ்பத்திரி என்பது எங்கள் வீட்டில் சட்டம். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் கூடாது.

கூட எடுக்கும் மருந்துகள் விஷயத்தில் இது ரொம்ப ரோஷக்காரி. கல்லீரலில் இதை உடைக்கிற என்சைமை வேறு மருந்து ஏதாவது தடுத்துவிட்டால், நீங்கள் விழுங்கியது 50 ஆனாலும் ரத்தத்தில் பல மடங்காக நிற்கும். பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல், போசகோனசோல், தொண்டைக்கு எழுதும் கிளாரித்ரோமைசின் எல்லாம் அந்த வகை. எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் சளிக்கு என்று கிளாரித்ரோமைசினைச் சீட்டில்லாமல் எடுத்து நீட்டினார்கள், டோஸ் ஏற்றிக்கொண்டிருந்த வாரம் வேறு. பழத்திலும் கட்டுப்பாடு: கிரேப்ஃப்ரூட், செவில் ஆரஞ்சு, ஸ்டார் ஃப்ரூட் மூன்றும் கூடாது. முதல் இரண்டும் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஸ்டார் ஃப்ரூட்டைத் தமரத்தங்காய் என்று சொல்லி ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள், ஊறுகாய்கூடப் போடுவார்கள், அதைக் கவனியுங்கள். நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம்.

விலையைப் பற்றி ஒரே வரி: நிறைய. எங்கள் காப்பீட்டு நிறுவனம், படுக்கையில் சேர்ந்து எடுத்தால்தான் பணம், வீட்டில் விழுங்கும் மாத்திரைக்குக் கிடையாது என்று முதலில் கையை விரித்தது. கேன்சர் சிகிச்சை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது, பாலிசி இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே இருக்கிறது.

இப்போது அந்த வாட்ஸ்அப் விஷயம். எல்லாக் கேன்சர் செல்லும் சாக மறுக்கிறது என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு பூட்டைப் போட்டுக்கொண்டு மறுக்கிறது. மார்பகம், நுரையீரல், குடல் போன்ற திடக் கட்டிகள் பெரும்பாலும் எம்.சி.எல்.-1ஐயும் பி.சி.எல்.-எக்ஸ்.எல்.ஐயும் நம்பி இருக்கின்றன, அங்கே பி.சி.எல்.-2ஐ மட்டும் திறந்து என்ன பயன். அந்த இரண்டையும் தடுக்கலாமே என்றால், எக்ஸ்.எல்.ஐத் தொட்டால் பிளேட்லெட் போகிறது, எம்.சி.எல்.-1 மருந்துச் சோதனைகளில் இதயப் பாதிப்பு குறுக்கே வந்தது. செல்லுக்கு வெளியிலிருந்து சாவு சமிக்ஞை கொடுக்கிற ட்ரெய்ல் வகை மருந்துகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் காட்டிய வீரத்தை நோயாளிகளிடம் காட்டவில்லை. காஸ்பேஸைப் பிடித்து வைக்கும் புரதங்களை விலக்குகிற செவினாபான்ட் என்ற மருந்தைத் தலை, கழுத்துப் புற்றுநோயில் மூன்றாம் கட்டம் வரை கொண்டுபோய் 2024இல் கைவிட்டார்கள். ஆக, செல் சாவை நேரடியாகத் திறந்துவிட்டு ஜெயித்த மருந்து என்று விரலைக் காட்ட, முதலில் கிடைப்பது இதுதான்.

ரத்தப் புற்றுநோயிலேயே இது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஏ.எம்.எல். என்ற வேகமான வகையில், கடும் கீமோ தாங்காத முதியவர்களுக்கு அசாசைட்டிடின் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமானது, 2020இல் வந்த முடிவு. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து மாதம்தானே என்று தோன்றும், அந்த வயதில் அந்த நோயில் அது சாதாரணம் இல்லை. எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோயில் கதை தலைகீழ்: 'பெல்லினி' என்ற ஆய்வில் வெனெட்டோக்ளாக்ஸ் சேர்த்த பக்கம்தான் சாவு அதிகம், 2019இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டது. அதிலும் 11க்கும் 14க்கும் இடையே குரோமோசோம் மாற்றம் உள்ளவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்று பார்க்கிறார்கள். அதே மாத்திரை, ஒரு நோயில் வரம், பக்கத்து நோயில் ஆபத்து. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று கேட்டு வாங்குகிற மருந்து இல்லை இது.

நன்றாகக் கேட்டவர்களுக்கும் சில வருடம் கழித்துப் பிடிமானம் விட்டுப்போகலாம். பி.சி.எல்.-2இன் பள்ளத்தில் ஜி101வி என்று ஒரு சின்ன மாற்றம் வந்தால் மருந்து முன்பு போல ஒட்டாது, 2019இல் கட்டுரையாக வந்தது. சில செல்கள் எம்.சி.எல்.-1ஐக் கூட்டிக்கொண்டு தப்பிக்கும். தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் இப்படிப்பட்டவை முளைக்க வாய்ப்பு அதிகம் என்பதும், கால அளவு வைத்து நிறுத்துவதற்கு டாக்டர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. நிறுத்திய பின் திரும்பி வந்தால் இதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்ப்பதும் உண்டு.

வாங்கப் போகிறவர்களுக்கு: 17பி டெலீஷன் பரிசோதனையும் பி53 மரபணுப் பரிசோதனையும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். டோஸ் ஏற்றும் நாட்களில் ஆறு மணி நேர ரத்தப் பரிசோதனை முடிவை அன்றைக்கே பார்க்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள், சனிக்கிழமை ஆரம்பிக்காதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் 8 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் எடுக்கலாம், தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல். வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போடக் கூடாது. வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும்.

400 மி.கி. என்றால் அந்த நீளமான 100 மி.கி. மாத்திரை நான்கு. உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, மெல்லவும் கூடாது. மாமா மூன்றாவதிலேயே தொண்டையில் நிற்கிறது என்கிறார், ஒவ்வொன்றுக்கும் அரை டம்ளர் தண்ணீர் போய் அப்புறம் மதியச் சாப்பாடே இறங்குவதில்லை. இதே மாத்திரை எடுப்பவர்கள் யாராவது எளிதாக விழுங்க ஒரு வழி வைத்திருந்தால் எழுதுங்கள்.